முதல் பிறந்தநாளோடு கார் சீட்டைத் திருப்பிவிடாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்போது பிள்ளைக்குக் கார் சீட் வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், சந்தோஷமான விஷயம். ஆனால் காதுகுத்தும் முதல் பிறந்தநாளும் முடிந்த கையோடு அந்தச் சீட்டை முன்பக்கம் பார்க்கத் திருப்பிவிடுகிறோம். ஏன் என்று கேட்டால் கால் இடிக்கிறது, பாவம் வேடிக்கை பார்க்க முடியவில்லை, முகம் தெரியவில்லை, அடுத்த வீட்டுப் பிள்ளை முன்னால் பார்த்துத்தானே உட்காருகிறது என்பார்கள். இதில் எதுவுமே திருப்புவதற்கான காரணம் இல்லை. சீட் எவ்வளவு எடை, எவ்வளவு உயரம் வரை அனுமதிக்கிறதோ அதுவரை பின்பக்கம் பார்த்தே உட்காரட்டும். இரண்டு வயது தாண்டலாம், சீட் பொருத்தமாக அமைந்தால் மூன்று, நான்கு வயது வரைக்கும் போகலாம். அதை நம் ஊர் வெயிலிலும், நம் ரோட்டிலும், நம் வீட்டுப் பெரியவர்களை வைத்துக்கொண்டும் எப்படிச் செய்வது என்றுதான் சொல்லப் போகிறேன்.

முதலில் காரணம், ஏனென்றால் காரணம் தெரியாமல் செய்கிற எதையும் நாலு பேர் ஒரு வார்த்தை சொன்னதும் விட்டுவிடுவோம்.

சிறுபிள்ளைக்குத் தலை பெரிது, கழுத்து இளசு. பிறந்த குழந்தையின் உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு தலைதான். பெரியவர்களுக்கு அது ஏழில், எட்டில் ஒரு பங்கு. கழுத்தெலும்புகளும் அந்த வயதில் முழு எலும்பாக இருப்பதில்லை, ஒவ்வொன்றும் துண்டு துண்டாக, இடையில் குருத்தெலும்போடு இருக்கும், அவை ஒன்றுசேர்ந்து இறுகுவதற்கு மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை ஆகும். கார் நேராக எதன்மீதாவது மோதினால், முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த பிள்ளையின் தோளையும் இடுப்பையும் வார் பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. தலை முன்னால் பாயும், அந்த இழுப்பு முழுவதும் கழுத்தின்மேல் விழும், அந்தக் கழுத்துக்குள்தான் தண்டுவடம் ஓடுகிறது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் அதே மோதலில் பிள்ளை சீட்டின் முதுகுக்குள் அமுங்கும். தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட் ஒரே நேரத்தில் தாங்கும், அடி ஓரிடத்தில் குவியாமல் முதுகு முழுக்கப் பரவிவிடும். ஒரு வயதுப் பிள்ளைக்கு உள்ள இந்த ஆபத்து இரண்டு வயதிலும் மூன்று வயதிலும் இருக்கிறது. பிறந்தநாள் கேக் வெட்டியதும் எலும்பு கூடிவிடாது.

இது புதுசாகக் கிளம்பிய யோசனையும் அல்ல. ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்கிற பேராசிரியர் 1960-களிலேயே, ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் முதுகைக் கொடுத்து விசையைத் தாங்குவதைப் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கும் அப்படியே பின்பக்கம் பார்த்த இருக்கை செய்தார். அந்த நாட்டில் நான்கு வயது வரை பிள்ளைகள் பின்பக்கம் பார்த்து உட்காருவது சாதாரண வழக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-இல் இரண்டு வயது வரை என்று சொன்னது, 2018-இல் அந்த வயதுக் கணக்கையும் எடுத்துவிட்டு, சீட் அனுமதிக்கும் கடைசி எடை அல்லது உயரம் வரை என்று மாற்றிச் சொன்னது.

அப்புறம் நம் வீடுகளில் கட்டாயம் வரும் கேள்வி: மடியில் வைத்துக்கொண்டால் ஆகாதா? 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் மோதி நின்றால், 10 கிலோ பிள்ளை அந்தக் கணத்தில் ஏறக்குறைய 140 கிலோவாகக் கனக்கும், அதாவது அரிசிச் சிப்பம் அஞ்சுக்கும் மேலே ஒரே சமயத்தில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி. எந்த ஆயாவின் கையும், எந்த பயில்வானின் கையும் அதைப் பிடிக்காது. திருமயம் வழியாகத் திருச்சி போகிற ரோட்டிலும், திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை போகிற ரோட்டிலும் நாம் 50-இல் போவதும் இல்லை. இடையில் மாடு குறுக்கே வரும், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் நிற்கும், தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடியவிடிய ரோட்டோரம் நடந்துகொண்டிருப்பார்கள். சடன் பிரேக் அடிக்காத பயணமே இந்தப் பக்கம் அபூர்வம். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் பத்து இருபது நிமிஷம்தானே என்று சீட்டை வீட்டில் விட்டுப் போவதும் அதே தப்புதான்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

டப்பாவில் 0-18 கிலோ என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை நம்பி 18 கிலோ வரை பின்பக்கம் பார்க்க வைக்கலாம் என்று முடிவு கட்டாதீர்கள். இப்படிப்பட்ட சீட்டுகள் பலவற்றில் பின்பக்கம் பார்க்க 13 கிலோ வரைதான் அனுமதி, அதற்கு மேலே உள்ளது முன்பக்கம் பார்ப்பதற்கான கணக்கு. கையேட்டில் ரியர் ஃபேசிங் என்று போட்டிருக்கும் பக்கத்தைப் பிரித்துப் பார்த்து, கடைக்காரரிடமும் அந்த ஒரு எண்ணை மட்டும் கேளுங்கள். சில சீட்டுகள் பின்பக்கம் பார்த்தே 18 கிலோ வரை தாங்கும். எடைக்குப் பதில் உயரத்தை வைத்துக் கணக்குச் சொல்லும் ஐ-சைஸ் வகைச் சீட்டுகளில் 105 சென்டிமீட்டர் வரை பின்பக்கம் பார்க்க அனுமதிப்பவை இருக்கின்றன. அந்த ஐ-சைஸ் விதியிலேயே 15 மாதம் முடியாமல் முன்பக்கம் திருப்பக் கூடாது என்று உண்டு. விலை கூடத்தான் இருக்கும், ஆனால் பிள்ளை கூடுதலாக ஒன்றிரண்டு வருஷம் பத்திரமாக உட்காரும்.

ஏற்கெனவே 13 கிலோ சீட் வாங்கிவிட்டீர்களா? கவலை வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் இரண்டு வயதுப் பையனின் நடு எடை (பாதிப் பேர் இதற்கு மேலே, பாதிப் பேர் கீழே) 12.2 கிலோ, பெண்ணுக்கு 11.5. நம் பிள்ளைகளில் நிறையப் பேர் அதற்கும் கீழேதான் இருப்பார்கள். அப்படியானால் அந்தச் சாதாரணச் சீட்டிலேயே இரண்டு வயதைத் தாண்டிப் போகலாம், பல பெண் பிள்ளைகள் இரண்டரை வரைகூடப் போகலாம். ஒரு வயதிலேயே திருப்ப வேண்டிய தேவையே இல்லை என்று அந்த எண்களே சொல்கின்றன. அங்கன்வாடியில் எடை போடும்போதும், 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் பூஸ்டர் தடுப்பூசிக்குப் போகும்போதும் எடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டின்மேல் வட்டத்துக்குள் ஈ எழுத்துப் போட்ட ஆரஞ்சு நிற ஒட்டுச்சீட்டு இருக்கிறதா பாருங்கள், அதில் ஐரோப்பாவில் பின்பற்றும் தர எண்ணான ஆர்44/04 அல்லது ஆர்129 என்று இருக்கும். இந்தியத் தரம் என்றால் ஏஐஎஸ்-072. இது எதுவுமே இல்லாமல் பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த பை மாதிரி ஒன்றை மலிவாக ஆன்லைனில் விற்கிறார்கள், அது கார் சீட்டே அல்ல. சொந்தக்காரர் கொடுக்கும் பழைய சீட்டானால் அது எந்த விபத்திலும் மாட்டவில்லை, கையேடு இருக்கிறது, அடியில் பொறித்த காலாவதித் தேதி கடக்கவில்லை என்று மூன்றும் உறுதியானால் மட்டும் வாங்குங்கள். ஒரு தடவை பலமாக மோதிய வண்டியில் இருந்த சீட்டைத் தூரப் போட்டுவிட வேண்டும், வெளியே கீறல் தெரியாவிட்டாலும்.

வெளிநாட்டிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சீட்டைக் கூடவே கொண்டு வரலாம், பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. அமெரிக்காவில் வாங்கிய சீட்டுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்குள்ள கார்களில் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும், அதை நம்பித்தான் பல சீட்டுகளை மாட்டுகிறார்கள். இங்கே பெரும்பாலான கார்களில் அந்த வசதி கிடையாது. ஆகவே சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு இருக்கிறதா என்று கிளம்புமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவது

பின்சீட்டில்தான். முன்சீட்டில் ஏர்பேக் இருக்கிற வண்டியில் பின்பக்கம் பார்த்த சீட்டை வைப்பது உயிருக்கே ஆபத்து. விரிகிற ஏர்பேக் சீட்டின் முதுகில், சரியாகப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் வந்து அறையும். இதில் அவசரத்துக்கு என்றுகூட விலக்கு இல்லை.

சின்ன காரானால் முன்பயணி இருக்கைக்குப் பின்னால் வைப்பது வசதி, முன்சீட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளிக்கொள்ளலாம். மூன்று முனை பெல்ட் உள்ள இடமாக இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் நடு இருக்கைக்கு இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும், அதில் மாட்டக் கூடாது. பெல்ட் இல்லாமலே சீட்டை வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தால், கார் இருக்கையும் முதுகும் சேருகிற இடுக்கில் கையைவிட்டுத் தடவினால் கம்பி தட்டுப்படும், சீட்டின் கொக்கி அதில் டக்கென்று விழுந்து பச்சை நிறம் காட்ட வேண்டும். சீட்டிலிருந்து கார் தரைக்கு இறங்கும் தாங்குகால் உள்ள சீட்டானால் அந்தக் கால் தரையில் உறுதியாக நிற்கிறதா பாருங்கள். அந்தத் தாங்குகால் ஊன்றும் இடத்தில் தரைக்கு அடியில் சாமான் பெட்டி உள்ள வண்டியானால் கார் கையேட்டைப் பார்க்காமல் மாட்ட வேண்டாம்.

பெல்ட்டால் மாட்டும் சீட்டில் பெல்ட் போகும் வழிக்கு நிறம் கொடுத்திருப்பார்கள்: பின்பக்கம் பார்க்க நீலம், முன்பக்கம் பார்க்கச் சிவப்பு. நீலத்தை மட்டும் பின்தொடருங்கள். முழங்காலால் சீட்டை அமுக்கிக்கொண்டு பெல்ட்டின் தொய்வை முழுக்க இழுங்கள், இதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. பெல்ட் போகிற இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. தலைப்பக்கம் கொஞ்சம் ஆடும், அது பரவாயில்லை.

சாய்வையும் பாருங்கள். கைக்குழந்தைக்கு நன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும், ஏறக்குறைய 45 பாகை, இல்லாவிட்டால் தூக்கத்தில் தாடை நெஞ்சில் விழுந்து மூச்சு அடைபடும். கழுத்து நின்ற பிள்ளைக்குக் கையேடு அனுமதிக்கும் அளவுக்கு நிமிர்த்திக்கொள்ளலாம், அதனால் முன்சீட்டுக்கும் இடம் கிடைக்கும், பிள்ளைக்கும் ஜன்னல் தெரியும். பழைய வீடுகளின் வாசல் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு இதைச் சரிபார்த்தால் கணக்குத் தப்பும், தெருவில் சமமான இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

வார் போடுவது

பின்பக்கம் பார்க்கும்போது தோள்வார் பிள்ளையின் தோள் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருந்து வர வேண்டும், ஏனென்றால் மோதலில் பிள்ளை சீட்டோடு மேல்நோக்கி வழுக்கும், வார் கீழே இருந்தால்தான் இழுத்துப் பிடிக்கும். இறுக்கம் போதுமா என்று பார்க்க, காறை எலும்புக்கு மேல் வாரை இரண்டு விரலால் நெடுக்கில் கிள்ளுங்கள். மடிப்பு கையில் வந்தால் இன்னும் இறுக்க வேண்டும், வழுக்கிப்போனால் சரி. முறுக்கு விழுந்திருந்தால் பிரித்துவிடுங்கள்.

நம் ஊர் விசேஷங்களில் இந்த வார் விஷயம்தான் கோட்டைவிடும் இடம். அடுக்கடுக்காகப் பொங்கி நிற்கும் ஃபிராக்கைப் போட்டுவிட்டு அதன்மேல் வாரை இறுக்கினால் இறுகியது மாதிரித் தெரியும், மோதலில் அந்தத் துணி முழுக்க அமுங்கி வார் தொய்ந்துவிடும். காரில் பருத்திச் சட்டை போதும், கல்யாண வீட்டுக்குப் போய் உடுத்திவிடுங்கள். கழுத்துச் சங்கிலி, பெரிய டாலர் வைத்த மாலை எதுவும் வாருக்கு அடியில் வேண்டாம். பிள்ளைக்கு முதுகில் தனியாக வாங்கிய மெத்தை, தலையணை எதையும் சொருகாதீர்கள். சீட்டோடு வந்தது மட்டும்.

சாமானையும் கவனியுங்கள். பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் எவர்சில்வர் தூக்கு, பலகாரச் சட்டி, குத்துவிளக்கு, சீர் சாமான் என்று அடுக்கிக்கொண்டு போவது நமக்குப் பழக்கம். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்த பிள்ளையின் முகம் அந்தத் தட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. பிரேக் அடித்தால் அத்தனையும் முன்னால் பாயும். கனமானது எல்லாம் டிக்கிக்குள் தரையில் இருக்கட்டும். அதே காரணத்துக்காகத்தான் பின்சீட்டில் இருக்கிற பெரியவர்களும் பெல்ட் போட வேண்டும், பெல்ட் போடாத ஓர் ஆள் பிள்ளையின்மேல் வந்து விழுந்தால் எந்தச் சீட்டும் காப்பாற்றாது.

பங்குனி, சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் பக்கிள் சுட்டுவிடும். நிறுத்தும்போது சீட்டின்மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்திவிட்டுப் போங்கள், ஏறுமுன் பக்கிளையும் வாரையும் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள், ஏசியை ஓடவிட்டு உள்சூடு தணிந்தபின் உட்கார வையுங்கள். பின்கண்ணாடி வழியாக வெயில் முகத்தில் அடித்தால் ஒட்டி எடுக்கிற வலைத்திரை போதும். ஓடுகிற வண்டியில் சீட்டைத் துணியால் மூடாதீர்கள், காற்று போகாது. தூங்குகிறது, ரெண்டு நிமிஷம் என்று பிள்ளையைக் காரில் தனியாக விடவே கூடாது.

கால், அழுகை, ஆயா

கால் மடங்குவதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் நாள் முழுக்கச் சம்மணம் போட்டு விளையாடுகிற பிள்ளை, காரிலும் சம்மணம் போட்டுக்கொள்ளும், அல்லது காலைத் தூக்கி இருக்கையின் முதுகில் வைத்துக்கொள்ளும். அதற்கு வலிக்காது. விபத்தில் கால் எலும்பு முறிவது முன்பக்கம் பார்த்த பிள்ளைகளுக்குத்தான் அதிகம், கால் வீசி முன்சீட்டில் போய் மோதுவதால். அப்படியே முறிந்தாலும் கால் கட்டுப்போட்டால் கூடும், கழுத்து அப்படி அல்ல.

பின்னாலிருந்து லாரி இடித்தால் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பின்னால் இடிக்கும் வண்டி பெரும்பாலும் நாம் போகும் திசையிலேயே வருவதால் அடியின் வேகம் குறைவு. உயிரைக் குடிக்கும் மோதல்கள் பெரும்பாலும் நேருக்கு நேர், அல்லது முன்னால் நிற்பதன்மேல் போய் ஏறுவது.

ஒன்றரை வயது வாக்கில் பிள்ளை சீட்டில் வைத்ததும் வில்லாக வளையும், ஊரையே கூட்டும். அது சீட்டின் திசையால் வருவதல்ல, கட்டிப்போடுவது பிடிக்காததால் வருவது, முன்பக்கம் திருப்பினாலும் ஒரு வாரத்தில் அதே அழுகைதான். முழங்காலுக்கு அடியில் கையைக் கொடுத்து மடக்கினால் முதுகு தானே தளரும், அப்போது இடுப்புப் பக்கிளை முதலில் போடுங்கள். எல்லோரும் பெல்ட் போட்டால்தான் வண்டி கிளம்பும் என்பதை ஒரு நாள்கூட மாற்றாதீர்கள், பிள்ளை அதற்கு ஏற்ற மாதிரி பழகிவிடும். பால் கொடுக்க வேண்டும், தூக்க வேண்டும் என்றால் வண்டியை ஓரம்கட்டி நிறுத்துங்கள். கைக்குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாகச் சீட்டில் வைக்கக் கூடாது, ஆகவே மதுரைக்கும் திருச்சிக்கும் போகையில் நடுவே ஒரு தடவை இறக்கி எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற வண்டியில் சீடை, மனகோலம், கடலை எதுவும் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கினால் முன்னால் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. விளையாட்டுச் சாமான் துணியில் செய்ததாக இருக்கட்டும்.

பெரியவர்களிடம் ரோட்டில் வைத்து வாதம் செய்ய வேண்டாம். கிளம்புவதற்கு முந்தின நாளே, சாவகாசமாக முற்றத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள், “ஆயா, பிள்ளைக்குக் கழுத்து இன்னும் கூடலை, டாக்டருங்க இப்படித்தான் வைக்கச் சொல்றாங்க” என்று கழுத்தை வைத்தே ஆரம்பியுங்கள். தலை நிற்காத பிள்ளையைத் தூக்கத் தெரியாதவர்களைத் திட்டி வளர்த்தவர்கள் அவர்கள், கழுத்துப் பேச்சு உடனே புரியும். அடுத்ததாக அவர்களை அந்தச் சீட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். பின்பக்கம் பார்த்த பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவரின் முகம் நன்றாகத் தெரியும், வழி முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லலாம். அப்பத்தாவோ ஆயாவோ ஒரு தடவை அப்படிப் போய்விட்டு வந்தால் அடுத்த தடவை அவர்களே பக்கிள் போட்டதா என்று கேட்பார்கள். அதற்கும் அசையாத ஐயாக்களுக்குச் சட்டத்தைச் சொல்லலாம்: 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில், 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் போனால் 1000 ரூபாய் அபராதம்.

வாடகைக் கார் பிடிக்கும்போது முன்கூட்டியே ஒரு போன் போடுங்கள். பெல்ட் இருக்கா என்று கேட்டால் எல்லோரும் இருக்கு என்றுதான் சொல்வார்கள், ஆனால் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். “அண்ணே, பின்சீட்டு பக்கிளைக் கவருக்கு மேல எடுத்து வச்சுட்டு வாங்க, பிள்ளை சீட்டு மாட்டணும், பத்து நிமிஷம் முன்னாடியே வந்துருங்க” என்று விவரமாகச் சொல்லிவிட்டால் வாசலில் நின்று தவிக்க வேண்டாம்.

எப்போது திருப்புவது

பின்பக்கம் பார்க்கச் சீட் அனுமதிக்கும் எடை அல்லது உயரம் தாண்டும்போது, அல்லது பிள்ளையின் உச்சந்தலை சீட்டின் மேல்விளிம்பை எட்டும்போது, எது முதலில் வருகிறதோ அப்போது. சில சீட்டுகளில் தலைக்கு மேல் ஒரு அங்குலம் மிச்சம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும், உங்கள் கையேடு சொல்வதே கணக்கு. கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளை ஒன்றரை வயதிலேயே 13 கிலோவைத் தொட்டுவிட்டால் திருப்புவதற்குப் பதில், முடிந்தவர்கள் 18 கிலோ வரை பின்பக்கம் பார்க்கும் சீட்டுக்கு மாறிவிடுங்கள். முடியாதவர்கள் முன்பக்கம் திருப்பினாலும் சீட்டோடு வரும் ஐந்து முனை வாரை (இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே என ஐந்து இடத்தில் பிடிப்பது) விட்டுவிடாதீர்கள், வெறும் கார் பெல்ட்டுக்கு அந்த வயதுப் பிள்ளை தயாராகவில்லை. திருப்புகிற அன்றைக்குத் தோள்வாரை ஒரு துளை மேலே ஏற்றி, தோள் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே வருகிற மாதிரி மாற்றுங்கள், பெல்ட்டை நீலத்திலிருந்து சிவப்பு வழிக்குக் கொண்டுவாருங்கள், சீட்டின் மேல்பக்கத்தில் தனி வார் இருந்தால் அதையும் இருக்கைக்குப் பின்னாலுள்ள கொக்கியில் மாட்டி இறுக்குங்கள்.